மலையூரில் மாலை ஐந்தரைக்குப் பிறகு

உதகமண்டலத்தில் இரவுப் பொழுதைக் கழிக்க ஒன்றுமே இல்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அதை இரவு பத்து மணிக்கு மேல் தேடியவர்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில், வெயில் மறைந்த சிறிது நேரத்துக்கெல்லாம் குளிர் உடம்பைப் பிடித்துக்கொள்ளும், பனிமூட்டம் இறங்கும், படுகர் மக்களின் ஊர்களான ஹட்டிகளுக்குச் செல்லும் மினி பஸ்கள் ஒவ்வொன்றாகக் கடைசி நடையை எடுத்துவிடும். ஆகவே சமவெளி நகரங்களில் எட்டு மணிக்கு மேல் களைகட்டுவதெல்லாம் இங்கே ஐந்தரைக்கே தொடங்கி ஒன்பதுக்குள் நிறைவடைகிறது. ஊட்டியின் காந்தல் பகுதியில் பிறந்து, இவ்வூரிலேயே வேலை பார்த்து, வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போகாமல் ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவதில் பெருவிருப்பம் கொண்டவன் நான். அந்த மூன்றரை மணி நேரத்தில் ஊட்டி தரும் உணவு, கலை, கூட்டம், கொண்டாட்டம் ஆகியவற்றைப் பற்றியும், அவற்றை முறையாக அனுபவிப்பதற்கு இத்தனை ஆண்டுகளில் கற்றுக்கொண்டவற்றைப் பற்றியும் எழுதுகிறேன்.

முதலில் உடை. பகலில் நல்ல வெயில் அடிப்பதை நம்பி, மெல்லிய சட்டையோடு வெளியே வருபவர்கள் ஆறரை மணிக்குள் விடுதிக்குத் திரும்பிவிடுகிறார்கள். தடித்த ஒரே கோட்டை விட, பருத்திச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் காற்றுப் புகாத மேலாடை என்று அடுக்காக அணிவது நல்லது. உணவகத்துக்குள் அனல் அடிக்கும்போது ஒன்றைக் கழற்றிக்கொள்ளலாம், வெளியே வந்ததும் மீண்டும் அணிந்துகொள்ளலாம். காதையும் கழுத்தையும் மப்ளரால் மூடிவிட்டால் பாதிக் குளிர் போய்விடும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழும் காலத்தில் செருப்பு உதவாது. காலுறையும் மூடிய காலணியும் கட்டாயம் வேண்டும்.

எங்கள் மாலை, வர்க்கி என்னும் மொறுமொறுப்பான பேக்கரிப் பண்டத்தோடு தொடங்கும். ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்கள் அதைப் பொட்டலமாக வாங்கிச் செல்வது கூடியிருக்கிறது. ஆனால் அதன் உண்மையான சுவை, விறகு அடுப்பிலிருந்து வெளியே வந்து சூடு முழுவதும் ஆறாமல் இருக்கும்போதுதான் தெரியும். இதற்கு ஈஸ்ட் சேர்ப்பதில்லை. வாழைப்பழம், ரவை, சர்க்கரை, மைதா ஆகியவற்றைப் புளிக்கவைத்து உருவாக்கும் ‘மாவா’ என்னும் புளிப்பு மாவைத்தான் சேர்க்கிறார்கள். பிசைந்த மாவு பல மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும். பிறகு நெய்யோ வனஸ்பதியோ தடவி மடித்து மடித்து இழுத்து, கோணல்மாணலாகக் கிள்ளி வைத்துச் சுடுகிறார்கள். இவ்வூரின் நீரும் குளிர்ந்த காற்றும் இல்லாவிட்டால் அந்த மொறுமொறுப்பு வராது என்று பேக்கரிக்காரர்கள் உறுதியாகச் சொல்வார்கள். நான் வழக்கமாகச் செல்லும் பேக்கரியில், “அண்ணா, இன்னும் பத்து நிமிசம் பொறுத்தீங்கன்னா அடுத்த தட்டு இறங்கிடும்” என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் காத்திருப்பேன். வெளியூரிலிருந்து வருபவர்கள் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருப்பதைக் காட்டி உடனே வாங்காமல், அடுத்த தட்டு எப்போது இறங்கும் என்று கேட்பது நல்லது. வாங்கிச் செல்பவர்கள் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும்: மலைக்காற்றின் ஈரம் வர்க்கியை ஒரே இரவில் நமுத்துப்போகச் செய்துவிடும் என்பதால், விடுதிக்குப் போனதும் இறுக மூடும் டப்பாவில் போட்டுவிட வேண்டும்.

வர்க்கியோடு குடிக்கும் தேநீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இலையைச் சுருட்டிப் பழைய முறையில் தயாரிக்கும் நீலகிரியின் ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கு 2008-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆயினும் தெருவோர டீக்கடைகளில் கிடைப்பது டஸ்ட் தேயிலையில் போட்ட பால் தேநீர்தான், வர்க்கிக்கு அதுவே பொருத்தம். பால் கலக்காத இலைத் தேநீரைக் குடித்துப் பார்க்க விரும்புபவர்கள், குளிர்காலத்தில் பறித்த தேயிலை இருக்கிறதா என்று தேயிலைக் கடையில் கேட்டு வாங்க வேண்டும். உறைபனிக் காலத்தில் கொழுந்து மெதுவாக வளர்வதால் அதன் மணம் செறிந்திருக்கும்.

தேநீருக்குப் பிறகு நடை. சேரிங்கிராஸில் இருக்கும் ஆதம் நீரூற்றிலிருந்து கமர்சியல் சாலை வழியாகக் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடப்பது எங்கள் ஊரின் பழைய பழக்கம். அந்த நீரூற்று, சென்னை மாகாண ஆளுநராக இருந்தபோதே 1881-இல் இங்கே இறந்துபோன வில்லியம் பாட்ரிக் ஆதமின் நினைவாக எழுப்பப்பட்டது. அங்கிருந்து சற்றுத் தொலைவில் இருக்கும் நீலகிரி நூலகத்தை அந்தி நேரத்தில் வெளியிலிருந்து பார்ப்பதற்காகவே பாதையை மாற்றிக்கொள்வேன். 1859-இல் தொடங்கப்பட்ட அந்த நூலகத்தின் கட்டடத்தை வடிவமைத்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையைக் கட்டிய ராபர்ட் சிசோம். அதன் பெரிய கூர்வளைவுச் சாளரமும் செங்கல் நிறமும் சாய்ந்த வெளிச்சத்தில்தான் முழுமையாகத் தெரிகின்றன. கலையை ரசிப்பதற்குக் காட்சிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்ததே இல்லை. இந்த ஊரில் கட்டடங்களைப் பார்ப்பதே ஒரு பயிற்சி.

திரைப்படம் பார்ப்பதென்றால் எனக்கு அசெம்பிளி ரூம்ஸ்தான். ஆங்கிலேயர் காலத்தில் நடனக் கூட்டங்களும் நாடகங்களும் நடந்த அந்தப் பழைய கூடம் பின்னர் திரையரங்காகி, தலைமுறை தலைமுறையாக எங்கள் ஊருக்கு ஆங்கிலப் படங்களைக் காட்டிவந்திருக்கிறது. குளிரில் நடந்து வந்து, பழைய மரவேலைப்பாடுகளுக்கு நடுவே உட்கார்ந்து படம் பார்ப்பதில் இருக்கும் நிறைவு எந்த மல்டிபிளெக்ஸிலும் கிடைப்பதில்லை. அங்கே என்ன படம், எத்தனை மணிக்கு என்பதை அன்றைய பகலிலேயே நேரில் கேட்டுக்கொள்வது என் வழக்கம். இரவுக் காட்சிக்குப் போவதானால், திரும்பிச் செல்ல ஆட்டோவுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிட வேண்டும். படம் முடிந்து வெளியே வரும்போது சாலை ஓய்ந்திருக்கும்.

ஊட்டியின் மாலைகளில் எனக்கு மிகவும் பிடித்தவை எவை என்று கேட்டால், தயங்காமல் மாரியம்மன் கோயில் திருவிழா மாதத்தின் மாலைகளைச் சொல்வேன். மார்க்கெட்டுக்கு அருகில் இருக்கும் அந்தக் கோயிலில் மாரியும் காளியும் ஒரே கருவறையில் வீற்றிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு வந்து தங்க இடம் கேட்ட இரு பெண்களின் கதையை, கோயில் தோன்றிய கதையாக எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மார்ச் மாதத்தில் தொடங்கி ஏப்ரலில் தேரோட்டம் வரை ஒரு மாதத்துக்கு மேல் நீளும் இத்திருவிழாவின் அழகு, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சமூகத்தாரின் உபயமாக நடப்பதில் இருக்கிறது. இந்த மலைக்குப் பிழைக்க வந்த தமிழர், கன்னடர், தெலுங்கர், மலையாளிகள் என அவரவர் தம் நாளில் தமக்குத் தெரிந்த இசையோடும் அலங்காரத்தோடும் அம்மனை வீதிக்கு அழைத்து வருகிறார்கள். படுகர் மக்களின் நாளில் அம்மன், அவர்கள் வணங்கும் தெய்வமான ஹெத்தையம்மன் கோலத்தில் வருவாள். அன்று வெண்ணிற உடையில் ஊர்வலம் நீண்டு செல்வதைக் கடைகளின் திண்ணைகளில் நின்று ஊரே பார்க்கும். இன்று நாகஸ்வரம், நாளை செண்டை, அதற்கடுத்த நாள் வேறொரு மேளம் என்று கட்டணமில்லாமல் இத்தனை மரபுகளை ஒரே வீதியில் கேட்க வாய்க்கும் ஊர்கள் எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. தேர் நாளில் பக்தர்கள் தேரின்மீது உப்பை வீசி வேண்டுதலை நிறைவேற்றுவார்கள்.

இவ்விழாவைக் காண வருபவர்கள், தேர் நாளுக்கு மட்டும் வந்து நெரிசலில் நிற்பதைக் காட்டிலும், அதற்கு முந்தைய வாரங்களில் ஏதேனும் ஒரு வார நாளில் வருவது சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. எந்த நாள் யாருடைய உபயம் என்ற பட்டியல் சுவரொட்டிகளாக ஊரெங்கும் ஒட்டப்பட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு, கேட்க விரும்பும் இசைக்கு ஏற்ற நாளைத் தேர்ந்துகொள்ளலாம். ஊர்வலப் பாதையில் மேட்டுப்பாங்கான ஒரு திருப்பத்தில் நின்றுகொண்டால் கூட்டத்தில் சிக்காமல் முழுவதையும் பார்க்கலாம். படம் எடுப்பதற்குமுன் அருகில் நிற்கும் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது மரியாதை. பெரும்பாலும் அவர்களே முன்னால் இடம் ஒதுக்கித் தருவார்கள்.

கலைப்பொருள்களைப் பற்றிப் பேசும்போது, நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூவேலையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வெளுக்காத கோராப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்களால் தோடப் பெண்கள் தைக்கும் இந்தப் பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் முன்கூட்டியே எதையும் வரைந்துகொள்ளாமல், நெசவின் இழைகளை விரலால் எண்ணி எண்ணியே அந்த வடிவங்களை அவர்கள் உருவாக்குகிறார்கள். தோடர்கள் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளி என்னும் பெரிய சால்வை ஒன்றைத் தைத்து முடிக்க நீண்ட காலம் பிடிக்கும். கமர்சியல் சாலைக் கடைகளில் இதே வடிவங்களை அச்சிட்ட துணிகளும், இயந்திரத்தில் தைத்தவையும் விற்கப்படுவதால், வாங்குபவர்கள் துணியின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கையால் தைத்ததில் இரு பக்கமும் நூலோட்டம் தெரியும், தையலில் சிறு ஏற்ற இறக்கம் இருக்கும். அதன் விலையைப் பேரம் பேசிக் குறைக்க நான் யாரையும் அனுமதிப்பதில்லை. பெரிய சால்வைக்குப் பணம் போதாவிட்டால், கைப்பையோ மேசை விரிப்போ வாங்கலாம்; விலையைக் குறைப்பதற்காகத் தைத்தவரின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடக்கூடாது.

குறும்பர் ஓவியம் இதைவிட அரிதாகவே கண்ணில் படும். கோத்தகிரிக்கு அருகிலுள்ள வெள்ளரிக்கொம்பை போன்ற ஊர்களில் வாழும் ஆலு குறும்பர்கள், முன்பு வீட்டுச் சுவர்களில் வரைந்துவந்ததை இன்று தாளிலும் துணியிலும் வரைகிறார்கள். வேங்கை மரத்தின் பிசினிலிருந்து செம்பழுப்பும், இலைச் சாற்றிலிருந்து பச்சையும், கரியிலிருந்து கறுப்பும் எடுப்பார்கள். தேன் எடுக்கும் காட்சி, கோயில், ஆட்டம், காட்டு விலங்குகள் ஆகியவற்றைச் சில கோடுகளில் காட்டிவிடும் திறமையைக் கண்டு வியந்து நின்றிருக்கிறேன். பழங்குடிப் பொருள் கண்காட்சிகள் கோடை விழாவின்போது நடந்தால், ஓவியர்களே வந்து அமர்ந்திருப்பார்கள். அப்போது வாங்குவதுதான் அவர்களுக்கும் நமக்கும் நல்லது. கண்காட்சிக்கு வருவதற்கு முன் பகலில் முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்தால், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரின் பொருள்களை வேறுபடுத்தி அறியும் கண் கிடைக்கும்.

இனி உணவு. இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸை எட்டுவதற்கு முன்பே கொதித்துவிடுகிறது. அதனால் பருப்பும் பயறும் திறந்த பாத்திரத்தில் வேக நெடுநேரம் ஆகும். தட்டில் வைத்த உணவும் குளிரில் விரைவாக ஆறிவிடும். இவை இரண்டையும் தெரிந்துகொண்டு உணவகத்தைத் தேர்ந்தால் ஏமாற்றம் இல்லை. நான் பார்ப்பது இரண்டே விஷயங்கள்தான்: அடுப்பு கண்ணுக்குத் தெரிகிறதா, தோசையும் பரோட்டாவும் கல்லிலிருந்து நேராக இலைக்கு வருகின்றனவா என்பவை. நாலைந்து பேராகப் போனாலும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொண்டுவரச் சொல்லாமல், ஒவ்வொன்றாகக் கேட்டுச் சுடச்சுடச் சாப்பிடுவோம். நீண்ட பட்டியல் அட்டையும் வண்ண விளக்குகளும் கொண்ட இடங்களைக் காட்டிலும், மார்க்கெட் சுமைத்தொழிலாளர்களும் ஓட்டுநர்களும் சாப்பிடும் சிறிய மெஸ்களில் உணவு சூடாகவும் புதிதாகவும் இருக்கும். பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட் எல்லாம் அன்றன்று காலையில் தோட்டத்திலிருந்து வருபவை என்பதால், எளிய பொரியல்கூட இங்கே தனிச் சுவையோடு இருக்கும். எட்டு மணிக்கு முன் சாப்பிட உட்கார்ந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு நல்லவை தீர்ந்திருக்கும்.

ஆனால் இந்த மலையின் தனிச்சுவை உணவகங்களில் அதிகம் கிடைப்பதில்லை, படுகர் வீடுகளில்தான் கிடைக்கிறது. அவரையும் உருளைக்கிழங்கும் சேர்த்து, அவர்களே இடித்த மசாலாவில் கொதிக்கவைத்த அவரை உதக்காவைச் சூடான ராகிக் களியோடு சாப்பிடும்போது குளிர் இருந்த இடம் தெரியாது. என் நண்பரின் தாயார், நான் களியை மெதுவாகப் பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து, “பேசறதெல்லாம் அப்புறம் பேசலாம் தம்பி, ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடு” என்று அதட்டுவார். விழா நாள்களில் எண்ணெயில் பொரித்த இனிப்பான எண்ணெஹிட்டும் கிடைக்கும். விருந்தினரை வெறும் வயிற்றோடு அனுப்பும் பழக்கம் ஹட்டிகளில் கிடையாது. படுக நண்பர்கள் உள்ளவர்கள் அழைப்பை ஏற்றுக்கொள்ளத் தயங்கக்கூடாது; அப்படி நண்பர்கள் இல்லாதவர்கள், ஹட்டிகளில் வீட்டுத் தங்குமிடம் நடத்துபவர்களிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் சமைத்துத் தருவார்கள்.

மார்கழியில் வரும் ஹெத்தையம்மன் ஹப்பா என்னும் படுகர் திருவிழா, இந்த உணவும் இசையும் ஆட்டமும் ஒன்றுசேரும் காலம். ஹெத்தையம்மன் கோயில் உள்ள பேரகணியை நோக்கி மக்கள் நடந்து செல்வதும், ஆண்கள் வெள்ளை உடையும் தலைப்பாகையும் அணிந்து வட்டமாக நின்று ஆடுவதும் காணத்தக்கவை. படுகர் ஆட்டத்தில் கால் அடிகள் குறைவு, அவசரம் இல்லை. ஒரு சுற்றுப் பார்த்துவிட்டால் யாரும் வட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். திருமண வீடுகளில் என்னைப் போன்றவர்களையும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிடுவார்கள். கோயில் வளாகத்தில் மட்டும் அவர்களுடைய உடை முறைக்கும் கட்டுப்பாடுகளுக்கும் உட்பட்டு நடந்துகொள்ள வேண்டும்.

மே மாதச் சீசனைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1848-இல் தோட்டக்கலை வல்லுநர் மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் 1896 முதல் நடந்துவரும் மலர்க் கண்காட்சி பார்க்க வேண்டியதுதான், கோடை விழாவின் கலை நிகழ்ச்சிகளும் நல்லவைதான். ஆனால் அந்த வாரங்களில் சாலைகள் நிரம்பி வழிவதால், உள்ளூர்க்காரர்கள் நடந்தே போய், வார நாளில் பார்த்துவிட்டு, ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடுவோம். வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், கிளம்பும் முன்பே அதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நெகிழிக் குடிநீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் வீட்டிலிருந்தே ஒரு பாத்திரத்தில் நீர் கொண்டுவருவதும் அவசியம்.

மது அருந்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. டாஸ்மாக் பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும் திட்டம், 2022-இல் நீலகிரியில்தான் தொடங்கியது. காட்டோரத்தில் உடைந்து கிடக்கும் கண்ணாடி யானையின் பாதத்தையும் கிழித்துவிடும் என்பதால்தான் அத்திட்டமே வந்தது. காட்டை ஒட்டிய விடுதிகளில் தீ மூட்டி, ஒலிபெருக்கி வைத்து நள்ளிரவு வரை ஆடுவதை ஊட்டியின் இரவு என்று விற்கிறார்கள். அதை நான் வன்மையாக வெறுக்கிறேன். விலங்குகள் நடமாடத் தொடங்கும் நேரத்தில், அவற்றின் வழியில் அமர்ந்துகொண்டு போடும் கூச்சல் அது. அத்தகைய விடுதிகளைத் தவிர்த்து ஊருக்குள்ளேயே தங்குமாறு என்னைக் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிவருகிறேன்.

திரும்பிச் செல்லும் வழியையும் மாலையைத் திட்டமிடும்போதே முடிவு செய்துவிட வேண்டும். குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் இருட்டிய பிறகு காட்டெருமைகள் சாலையின் நடுவிலேயே நிற்கும். தேயிலைத் தோட்டங்களை ஒட்டிக் கரடிகளும் வரும். தனியாக நடக்காமல், பிரகாசமான டார்ச்சோடு கூட்டமாக நடப்பதும், காட்டெருமையைக் கண்டால் ஒலி எழுப்பாமல் அது விலகும்வரை காத்திருப்பதும்தான் பாதுகாப்பு. வாகனம் ஓட்டுபவர்கள் பனிமூட்டத்தில் விளக்கைத் தாழ்த்தி வைத்து, இறக்கத்தில் இரண்டாம் கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதியில் அது சூடாகிக் கைவிட்டுவிடும். மைசூருக்குச் செல்பவர்களுக்கு இன்னும் கண்டிப்பான கணக்கு உண்டு. பந்திப்பூர் காட்டுவழி இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும். கூடலூர் வழியாக அங்கே போய்ச் சேர இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. வழியில் ஆகும் தாமதத்துக்கும் இடம் விட்டு, மாலை ஐந்தரைக்குள் ஊட்டியை விட்டுக் கிளம்பினால்தான் கவலையின்றி நேரத்துக்குக் கடக்க முடியும். அந்த ஐந்தரை மணிக்குத்தான் எங்கள் வர்க்கித் தட்டு அடுப்பிலிருந்து இறங்குகிறது. ஆகவே மைசூர் நண்பர்கள் அன்றிரவே திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டு, ஊருக்குள் ஓர் அறை எடுத்துத் தங்கி, காலையில் நன்கு விடிந்த பிறகு புறப்பட்டுச் செல்வதே முறை.